6.7 இன்ச் எண்டா உண்மையில எவ்வளவு பெரிசு?

போன் வேண்டப் போறவைக்கு எங்கட ஊரில கிடைக்கிற அட்வைஸ் முக்கால்வாசி ஒரே ஒரு நம்பருக்குள்ள முடிஞ்சிடும். "6.1 சின்னன் அண்ணை, 6.7 எடுங்கோ, படம் பாக்க நல்லம்" எண்டு யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில கடைக்காரத் தம்பி சொல்லுவார், கனடாவில இருக்கிற மச்சானும் வட்ஸ்அப்பில அதையேதான் சொல்லுவார், பேந்து பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து "எனக்கு 6.4 இருக்கு, காணும்" எண்டு குழப்பிவிட்டுப் போவான். மூண்டு பேரும் கதைக்கிறது போனின்ர சைஸைப் பற்றி எண்டுதான் எல்லாரும் நினைக்கினம். அப்பிடி இல்லை. அந்த நம்பர் பொய் இல்லை, ஆனா அது போன் எவ்வளவு பெரிசு எண்டு சொல்லுற நம்பரும் இல்லை. கையில புடிக்கேலுமோ, பொக்கற்றில போகுமோ, அம்மம்மாவுக்கு எழுத்து தெரியுமோ, இதில ஒண்டுக்கும் அது நேரடியா பதில் சொல்லாது. அப்ப அது என்னத்தைத்தான் சொல்லுது எண்டு முதல்ல பாப்பம்.

மூலைக்கு மூலை அளக்கிற கணக்கு

ஒரு காணி விலைக்கு வருதெண்டு வையுங்கோ. புறோக்கர் வந்து "அண்ணை, மேற்கு மூலையில இருந்து கிழக்கு மூலைக்குக் குறுக்கால கயிறு புடிச்சா இவ்வளவு வருது" எண்டு மட்டும் சொன்னா நீங்கள் அட்வான்ஸ் குடுப்பியளோ? குடுக்க மாட்டியள். எத்தினை பரப்பு, றோட்டுப் பக்கம் எவ்வளவு அகலம் எண்டு கேப்பியள். ஏனெண்டா அதே நீளக் கயிறு ஒரு சதுரமான வளவுக்கும் வரும், ஒழுங்கை மாதிரி ஒடுங்கி நீண்டு கிடக்கிற துண்டுக்கும் வரும். சதுரமான வளவில வீடு கட்டலாம், கிணறு வெட்டலாம், பின்னால ரெண்டு தென்னையும் வைக்கலாம். ஒடுங்கின துண்டில மதில் கட்டத்தான் சரி.

போன் ஸ்கிறீனையும் அப்பிடித்தான் கயிறு புடிச்சு அளக்கினம். ஸ்கிறீனின்ர ஒரு மூலையில இருந்து எதிர் மூலைக்குப் போற குறுக்குக் கோட்டைப் பள்ளிக்கூடத்தில மூலைவிட்டம் எண்டு படிச்சிருப்பம், 6.7 இன்ச் எண்டது அதின்ர நீளம். ஒரு இன்ச் 25.4 மில்லிமீட்டர், அப்ப 6.7 இன்ச் எண்டா கிட்டத்தட்ட 170 மில்லிமீட்டர். இப்பத்தைய போனுகளுக்கு மூலை வளைவா இருக்கிறதால, வளைவு இல்லாம நேர் மூலை இருந்தா எவ்வளவு வருமோ அதைத்தான் கணக்கெடுக்கினம், கம்பனிகளின்ர இணையப் பக்கத்தில கீழ குட்டி எழுத்தில அது போட்டிருக்கும்.

சுருக்கமா: இன்ச் எண்டது ஸ்கிறீனின்ர மூலைவிட்டம். போனின்ர நீளமும் இல்லை, அகலமும் இல்லை, பரப்பளவும் இல்லை.

போனுகள் வளர்ந்தது மேல்நோக்கி

இஞ்சதான் கன பேர் வழுக்கினம். "முந்தி 5.5 இன்ச் எண்டா பெரிய போன், இப்ப 6.5 இன்ச், ஒரு இன்ச் கூடியிட்டுது" எண்டு சொல்லுவினம். நடந்தது வேற.

ஸ்கிறீனின்ர நீளத்துக்கும் அகலத்துக்கும் இருக்கிற விகிதத்தை ஆஸ்பெக்ட் ரேஷியோ எண்டு சொல்லுறது. 2007ல வந்த முதல் ஐபோனுக்கு 3.5 இன்ச் ஸ்கிறீன், ரேஷியோ 3:2, கொஞ்சம் கட்டையான உருவம். பிறகு ஸ்மார்ட்போன் உலகமே 16:9க்குப் போச்சுது, அதுதான் ரீவியின்ர ரேஷியோவும். 2017ல எல்ஜி ஜி6 18:9, சம்சுங் எஸ்8 18.5:9 எண்டு வந்தாப்பிறகு எல்லாம் நீளத் தொடங்கி இப்ப 19.5:9, 20:9 எண்டு நிக்குது.

சரி, பள்ளிக்கூடக் கணக்கை ஒருக்கா போட்டுப் பாப்பம், பைதகரஸ் தேற்றம் காணும். 5.5 இன்ச், 16:9 ஸ்கிறீனின்ர அகலம் 68.5 மில்லிமீட்டர். 6.5 இன்ச், 20:9 ஸ்கிறீனின்ர அகலம் 67.8 மில்லிமீட்டர். திருப்பி வாசிச்சுப் பாருங்கோ, ஒரு இன்ச் "பெரிய" ஸ்கிறீன் அகலத்தில கொஞ்சம் ஒடுங்கித்தான் இருக்கு! கூடினது முழுக்க நீளம், 122 மில்லிமீட்டரில இருந்து 151க்கு ஏறியிட்டுது, கிட்டத்தட்ட 3 சென்ரிமீட்டர்.

சம்சுங் எஸ்7 5.1 இன்ச், போனின்ர அகலம் 69.6 மில்லிமீட்டர். அடுத்த வருசம் வந்த எஸ்8 5.8 இன்ச், அகலம் 68.1. இன்ச் கூட, போன் ஒடுக்கம். அதுக்கும் முந்தி 2011ல முதல் கலக்ஸி நோட் வந்தபோது 5.3 இன்ச் போனை ஆர் காதில வச்சுக் கதைக்கிறது எண்டு சிரிச்சவை கன பேர், அதின்ர அகலம் 83 மில்லிமீட்டர். 2024ல வந்த 6.8 இன்ச் எஸ்24 அல்ட்ரா 79 மில்லிமீட்டர்தான். சிரிச்சதிலயும் ஒரு நியாயம் இருந்திருக்கு, காரணம் இன்ச் இல்லை, அகலம்.

சுருக்கமா: ரேஷியோ ஒண்டா இருந்தா மட்டும்தான் ரெண்டு போனின்ர இன்ச்சை நேரா ஒப்பிடலாம். ரேஷியோ வேற எண்டா இன்ச் உங்களை ஏமாத்தும்.

"படம் பாக்கப் பெரிசு வேணும்"

இது ஆக அடிக்கடி கேக்கிற காரணம். யூடியூப்பில வாற வீடியோ அநேகமா 16:9. அதை 20:9 போனில படுக்கையாப் புடிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டி விழும், ஏனெண்டா ஸ்கிறீன் வீடியோவை விட நீளம். வீடியோவின்ர உயரம் ஸ்கிறீனின்ர அகலத்துக்கு மேல போகேலாது. அப்ப மேல போட்ட கணக்கின்படி, 6.5 இன்ச் புதுப் போனில தெரியிற வீடியோ பழைய 5.5 இன்ச் போனில தெரிஞ்ச அதே சைஸ்தான், சொல்லப்போனா ஒரு மயிரிழை சின்னன். 6.7 இன்ச் போனில பாத்தா அந்த வீடியோவின்ர மூலைவிட்டம் 5.6 இன்ச்தான் வரும். பழைய ரீவி காலத்து நிகழ்ச்சிகள் 4:3ல வாறதுகள், அதுகளுக்குப் பட்டி இன்னும் பெரிசு.

விரலால இழுத்துப் பெருப்பிச்சு முழு ஸ்கிறீனையும் நிரப்பலாம் எண்டு சொல்லுவியள், ஓம், நிரப்பலாம், ஆனா மேலயும் கீழயும் வெட்டுப்படும், கிறிக்கெற் பாக்கேக்க ஸ்கோர் வாற பக்கம் போயிடும்.

அப்ப நீட்டுப் போனால பிரயோசனம் ஒண்டும் இல்லையோ? இருக்கு. நிமித்திப் புடிச்சுப் பாக்கிற எல்லாத்துக்கும் நீளம் உதவும்: பேஸ்புக், வட்ஸ்அப் சட், ரீல்ஸ், நியூஸ் வாசிக்கிறது. கீபோட் வந்து பாதி ஸ்கிறீனை மறைச்சாலும் மேல நாலு மெசேஜ் தெரியும். 21:9ல எடுத்த சினிமாப் படங்களும் கிட்டத்தட்ட பட்டி இல்லாம வடிவா வரும். நாள் முழுக்க யூடியூப்தான் எண்டு இருக்கிறவைக்கு மட்டும்தான் சொல்லுறன், உங்களுக்கு வேண்டியது அகலமான ஸ்கிறீன், இன்ச் கூடின ஸ்கிறீன் இல்லை.

ஸ்கிறீனைச் சுத்தி இருக்கிற விளிம்பு

ஸ்கிறீனுக்கும் போனின்ர கரைக்கும் இடையில இருக்கிற வெறும் பகுதிக்கு பெசல் எண்டு பேர். பழைய போனுகளில மேலயும் கீழயும் தாராளமா இருந்தது, இப்ப நூல் மாதிரி வந்திட்டுது. ஆனா எல்லாப் போனிலயும் ஒரே அளவா மெலியேல்ல, விலை குறைஞ்ச போனுகளில பெசல் கொஞ்சம் தடிப்பாத்தான் இருக்கும்.

இதால வாற விளையாட்டைப் பாருங்கோ. 2017ல வந்த ஐபோன் 8 பிளஸுக்கு 5.5 இன்ச் ஸ்கிறீன். 2021ல வந்த ஐபோன் 13 மினிக்கு 5.4 இன்ச். பேப்பரில வித்தியாசம் 0.1 இன்ச். கையில எடுத்தா முதலாவது 78.1 மில்லிமீட்டர் அகலம், 202 கிராம், ரெண்டாவது 64.2 மில்லிமீட்டர் அகலம், 141 கிராம். ஒண்டு பெரிய போன், மற்றது அதுக்குள்ள ஒளிச்சு வைக்கலாம் போல ஒண்டு. ரேஷியோவும் மாறினது, பெசலும் போனது, ரெண்டும் சேந்து செய்த வேலை இது.

இன்னொரு சோடி. கலக்ஸி ஏ54, 6.4 இன்ச், அகலம் 76.7. கலக்ஸி எஸ்24 பிளஸ், 6.7 இன்ச், அகலம் 75.9. "எனக்கு சின்னப் போன் காணும், 6.4 தாங்கோ" எண்டு கேட்டு எடுத்தவர் அகலத்தில பெரிய போனைத்தான் வீட்ட கொண்டு போறார்.

கவரையும் சேக்க வேணும். பெட்டியில போட்டிருக்கிற அளவு வெறும் போனுக்கு. எங்கட ஆக்கள் கவர் போடாம ஒரு நாள் பாவிக்க மாட்டினம், ரெண்டு பக்கமும் சேத்து 2, 3 மில்லிமீட்டர் கூடும், புத்தகம் மாதிரித் திறக்கிற மூடி கவர் எண்டா தடிப்பும் பாரமும் இன்னும் கூட.

கைக்கு விளங்கிறது மில்லிமீட்டர்

போன் பெரிசு, சின்னன் எண்டு கை உணர்றது முதல்ல அகலத்தை. ஒரு கையால புடிக்கேக்க ஒரு பக்கம் உள்ளங்கை, மற்றப் பக்கம் நாலு விரல், முன்னால பெருவிரல் வேலை செய்யுது. அகலம் கூடக் கூட விரலுகள் சுத்திப் புடிக்கிற தூரம் குறையும், பிடி தளரும், பெருவிரலும் அங்கால் கரைக்கு எட்டாது. எட்டுறதுக்காகப் போனைக் கைக்குள்ளயே நகட்டுவம், அந்த நேரத்திலதான் கனக்க போன் விழுகிறது. நீளம் வேற மாதிரிக் கரைச்சல் தரும், மேல் மூலையில இருக்கிற பட்டனைத் தொடேலாது, ஆனா பிடி போகாது.

2013ல ஸ்டீவன் ஹூபர் எண்டவர் தெருவிலயும் பஸ்ஸிலயும் கடையளிலயும் 1333 பேர் போன் பாவிக்கிறதைக் கவனிச்சுக் குறிச்சவர், ஸ்கிறீனைத் தொட்டுப் பாவிச்சவையில 49 வீதம் பேர் ஒரு கையாலதான். அப்ப போனுகள் சின்னன், இப்ப எண்டா ரெண்டு கைக்காரர் கூடியிருக்கலாம். ஆனா மற்றக் கை வேலையா இருக்கிற நேரம் மாறேல்லையே. பருத்தித்துறை பஸ்ஸில கம்பியைப் புடிச்சு நிக்கேக்க, திருநெல்வேலிச் சந்தையில மரக்கறிப் பையோட நிண்டு கியூஆர் ஸ்கான் பண்ணிக் காசு குடுக்கேக்க, கார்த்திகை மழையில குடை புடிச்சுக்கொண்டு "எங்க நிக்கிறியள்" எண்டு வாற கோலை எடுக்கேக்க, பிள்ளையை இடுப்பில வச்சிருக்கேக்க. இந்த நேரங்கள் உங்கட நாளில எவ்வளவு எண்டு யோசிச்சாலே பாதி முடிவு வந்திடும்.

எத்தினை மில்லிமீட்டர் சரி எண்டு கேட்டா கைக்குக் கை வித்தியாசம்தான், ஆனாலும் என்ர கணக்கைச் சொல்லுறன். 72க்குக் கீழ எண்டா கன பேருக்கு ஒரு கையால சமாளிக்கலாம். 72க்கும் 75க்கும் இடையில புடிக்கலாம், ஆனா ஒரு கையால ரைப் பண்ணக் கஷ்டம். 76க்கு மேல போனா அது ரெண்டு கைப் போன், அதை ஒத்துக்கொண்டு வேண்டினா பிரச்சினை இல்லை. பிரச்சினை என்னெண்டா இப்ப கடையில மலிவா, நடுத்தர விலையில இருக்கிற போனுகள் கிட்டத்தட்ட முழுக்க 75, 78 எண்டுதான் நிக்குது. ஒடுக்கமான போன் வேணும் எண்டா காசு கூடக் குடுத்து எஸ்24 மாதிரி ஒண்டுக்குப் போகோணும், அது 70.6 மில்லிமீட்டர். சின்னப் போன் விருப்பம் எண்டு சொல்லுறவை கன பேர், வேண்டுறவை குறைவு போல, ஆப்பிளும் 12, 13 எண்டு ரெண்டு வருசம் மினி விட்டுப்போட்டு 2022ல 14 வரேக்க மினியை நிப்பாட்டி பிளஸைக் கொண்டுவந்திட்டினம்.

அகலத்துக்கு அடுத்தது பாரம். இதை ஒருத்தரும் கேக்கிறதில்லை, ஆனா ராத்திரி படுத்துக்கொண்டு போன் பாக்கிற எல்லாருக்கும் தெரியும். 141 கிராம் 13 மினிக்கும் 240 கிராம் ஐபோன் 14 புரோ மக்ஸுக்கும் இடையில 100 கிராம் வித்தியாசம், அஞ்சு நிமிசத்துக்குத் தெரியாது, அரை மணித்தியாலம் சின்னவிரலில தாங்கிப் புடிச்சா மணிக்கட்டு சொல்லும். மூஞ்சியில விழுந்தா உடனயே சொல்லும். அடுத்த வருசம் 15 புரோ மக்ஸ் அதே 6.7 இன்ச்சோட 221 கிராமுக்கு இறங்கினது, சட்டத்தை டைட்டேனியத்தில செய்தது அதுக்கு ஒரு முக்கிய காரணம். அப்ப பாரமும் இன்ச்சில இருந்து தெரியாது, தனியாப் பாக்கோணும்.

பொக்கற் கதை கெதியா முடிஞ்சிடும். அதுக்கு நீளம்தான் முக்கியம். 160 மில்லிமீட்டர் போனைச் சேட் பொக்கற்றில வச்சா மேல நீட்டிக்கொண்டு நிக்கும், அப்பிடியே குனிஞ்சு கிணத்துக்க எட்டிப் பாக்கிற ஆக்கள் இருக்கினம், அவைக்கு நான் என்ன சொல்ல. சாரத்தோட நிக்கிறவை இடுப்பில செருகிற பழக்கத்தைப் பெரிய போனோட விட்டிடுறது நல்லம். சுரிதாருக்குப் பொக்கற்றே இல்லாததால பெண் பிள்ளையளுக்கு ஹான்ட்பாக்தான், அவைக்கு நீளம் ஒரு பொருட்டில்லை, கை அளவு மட்டும் பாத்தாக் காணும்.

சுருக்கமா: பிடிக்கு அகலம், களைப்புக்குப் பாரம், பொக்கற்றுக்கு நீளம். இதில ஒண்டும் இன்ச்சில எழுதியிருக்காது.

எழுத்து தெரியேல்ல எண்டா

வீட்டில வயசான ஆக்களுக்குப் போன் வேண்டேக்க "கண் தெரியாது, பெரிய ஸ்கிறீனா எடுங்கோ" எண்டு சொல்லுறது வழமை. நோக்கம் சரி, வழி அரைவாசிதான் சரி. 40 வயசுக்குப் பிறகு வெள்ளெழுத்து வந்தவைக்கு வேண்டியது பெரிய எழுத்து. பெரிய ஸ்கிறீன் எண்டா தானாப் பெரிய எழுத்து வராது, ஏனெண்டா எழுத்தை எவ்வளவு பெரிசாக் காட்டுறது எண்டதை முடிவு செய்யிறது போனுக்குள்ள இருக்கிற மென்பொருள். செற்றிங்ஸில ரெண்டு விசயம் இருக்கு: எழுத்தளவு எண்டது எழுத்தை மட்டும் பெருப்பிக்கும், டிஸ்ப்ளே அளவு எண்டது பட்டன், ஐகன், எழுத்து எல்லாத்தையும் சேத்துப் பெருப்பிக்கும். முதல்ல இப்ப இருக்கிற போனில இந்த ரெண்டையும் கூட்டிக் குடுத்துப் பாருங்கோ, கன வீட்டில புதுப் போனே தேவைப்படாது.

ஆனா எழுத்தைப் பெருப்பிச்சாப் பிறகு அகலம் உண்மையிலயே தேவைப்படும், அதுவும் தமிழ் வாசிக்கிறவைக்கு. எங்கட சொல்லுகள் நீட்டு, "பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" எண்டு ஒரே சொல் ஒரு வரியைப் புடிச்சிடும், ஒடுங்கின ஸ்கிறீனில வரிக்கு ரெண்டு சொல்தான் வரும், கண் ஓடி ஓடிக் களைக்கும். அதால அப்பம்மா, அம்மம்மாவுக்கு அகலம் கூடின போன், எழுத்தளவு கூட்டி, மேசையிலயோ மடியிலயோ வச்சுப் பாவிக்கிற மாதிரி எடுத்துக் குடுக்கிறதுதான் பொருத்தம். லண்டனில இருந்து பேரப்பிள்ளையள் வீடியோ கோல் எடுக்கேக்க கையில தூக்கிப் புடிக்க ஏலாது எண்டுறவைக்கு மலிவுச் சாமானா ஒரு போன் ஸ்ராண்ட் கிடைச்சாலும் வேண்டி வையுங்கோ, 240 கிராமை அவை தாங்கிக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

ரைப் பண்ணுறதுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாத்தன். இங்கிலிஸ் கீபோட்டில மேல் வரிசையில 10 எழுத்து, 67.8 மில்லிமீட்டர் அகலத்தில ஒரு பட்டன் 6.8 மில்லிமீட்டர். தமிழ்99 கீபோட்டில மேல் வரிசைக்கு 12 எழுத்து, அப்பிடியே போனுக்குக் கொண்டு வந்தா ஒரு பட்டன் 5.7க்குக் கிட்ட. 6.1 இன்ச் ஐபோன் மாதிரி ஒண்டில 5.4, 6.7 இன்ச் போனில 5.8. அப்ப பெரிய போன் எடுத்தும் பட்டனுக்குக் கிடைச்சது அரை மில்லிமீட்டர் கூட இல்லை! இங்கிலிஸ் எழுத்தில அடிச்சுத் தமிழாக்கிறதோ, குரலால சொல்லி எழுத வைக்கிறதோ இதை விடக் கூடப் பிரயோசனம்.

எழுத்து கூர்மையா இருக்கிறது வேற விசயம். ஸ்கிறீன் குட்டிக் குட்டிப் புள்ளியளால ஆனது, அந்தப் புள்ளிக்கு பிக்சல் எண்டு பேர், ஒரு இன்ச் நீளத்துக்குள்ள எத்தினை பிக்சல் இருக்கு எண்ட எண்ணிக்கை பிபிஐ. ஒரே 6.5 இன்ச்சில 720 க்கு 1600 பிக்சல் ஸ்கிறீன் எண்டா 270 பிபிஐ, 1080 க்கு 2400 எண்டா 405 பிபிஐ. இன்ச் கூடி பிக்சல் கூடாட்டி புள்ளியள் பரவிப் போகும். இங்கிலிஸ் மட்டும் வாசிக்கிறவைக்குப் பெரிசாத் தெரியாது, சின்ன எழுத்தில ண, ன சுழியையும் மெய்யெழுத்தின்ர குத்தையும் பிரிச்சுப் பாக்கிற எங்களுக்குத் தெரியும். மலிவுப் பெரிய போன் எடுக்கேக்க இதை ஒருக்காக் கவனியுங்கோ.

டியூசன் பிடிஎப் காரருக்கு

ஓஎல், ஏஎல் படிக்கிற பிள்ளையளுக்கு வட்ஸ்அப் குரூப்பில பாஸ்ட் பேப்பரும் நோட்ஸும் பிடிஎப்பா வந்து குவியுது, "படிப்புக்கு" எண்டு சொல்லித்தான் பெரிய போனும் கேக்கினம். ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம். 6.1 இன்ச் போனின்ர ஸ்கிறீன் அகலம் 65, 6.7 இன்ச்சின்ரது 70. முழுத் தாளையும் காட்டினா ஒண்டில 31 வீதமாச் சுருங்கும், மற்றதில 33 வீதம். 12 பொயின்ற் எழுத்து ரெண்டிலயும் 4 பொயின்ற் ஆயிடும், மருந்துப் போத்தலில ஒட்டியிருக்கிற எழுத்தை விடக் கேவலம். போனைப் படுக்கையாத் திருப்பினா 6.5 இன்ச்சில 150 மில்லிமீட்டர் கிடைக்கும், அதாவது 71 வீதம், இழுத்து இழுத்து வாசிக்கலாம். திருப்பிறது இலவசம். அதுவும் காணாது எண்டா தேவை பெரிய போன் இல்லை, ரப்லெற், 10.2 இன்ச் ஐபாட் மாதிரி 4:3 ஸ்கிறீனை நிமித்திப் புடிச்சாலே 155 மில்லிமீட்டர் அகலம் வரும். ரப்லெற்றுக்கு வச்ச காசைப் பெரிய போனில போட்டிட்டு ரெண்டும் இல்லாம நிக்கிறதுதான் அடிக்கடி நடக்கிறது.

பற்றறி பற்றி ஒரு சொல்லு

பெரிய போனுக்கு உள்ளுக்க இடம் கூட, அதால பெரிய பற்றறி வைக்கலாம். எஸ்24க்கு 4000 எம்ஏஎச் (பற்றறி எவ்வளவு சார்ஜ் புடிக்கும் எண்ட அளவு), அல்ட்ராவுக்கு 5000. பெரிய ஸ்கிறீன் கூடக் கரண்ட் இழுக்கும் எண்டதும் உண்மை, ஆனா மொத்தத்தில பெரிய போன் கொஞ்சம் கூட நேரம் நிக்கும். சின்னப் போனுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உண்மையான குறை இதுதான். காலமை வெளிக்கிட்டு இரவு வீடு திரும்பிறவை, யாழ்தேவியில கொழும்புக்குப் போய் வாறவை யோசிக்க வேணும். வீட்டிலயோ கடையிலயோ பக்கத்தில பிளக் இருக்கிறவைக்கு இது காரணமே இல்லை.

வெய்யிலுக்க ஸ்கிறீன் தெரியிறதுக்கும் சைஸுக்கும் சம்பந்தம் இல்லை எண்டதையும் சொல்லிவிடுறன், அது ஸ்கிறீனின்ர வெளிச்சத்தில தங்கியிருக்கு. சித்திரை வெய்யிலில முத்தத்தில நிண்டு பாத்தா 6.8 இன்ச்சும் கறுப்புத்தான், வெளிச்சம் காணாட்டி.

மடிக்கிற போன் நல்லமோ எண்டு கேக்கினம். சம்சுங் ஃப்ளிப் 6 மாதிரி மேல்பாதி கீழ்ப்பாதிக்கு மேல மடியிறது, மூடினா 85 மில்லிமீட்டர் நீளத்துக்கு வந்திடும், பொக்கற்றில வடிவா இருக்கும். ஆனா குறையிறது நீளம்தான், அகலம் 72 எண்டு அப்பிடியே இருக்கு, திறந்தாப் பிறகு கைக்கு அது வழமையான பெரிய போன்தான்.

வேண்ட முதல்

வீட்டில இருக்கிற அடிமட்டத்தால இப்பப் பாவிக்கிற போனைக் கவரோட அகலம் அளவுங்கோ. அது கைக்குச் சுகமோ, பெரிசோ, சின்னனோ எண்டு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அந்த ஒரு எண்தான் இனி ஒப்பிடுறதுக்கு அடிப்படை. பெரிசாத் தெரிஞ்சா 3 மில்லிமீட்டர் குறைஞ்சதைத் தேடுங்கோ, அந்த 3 மில்லிமீட்டர் கையில நல்லாத் தெரியும்.

கடையில போனை ரெண்டு கையாலயும் வாங்கி வடிவு பாத்திட்டு வைக்காதேங்கோ. வழமையாப் புடிக்கிற கையால புடிச்சு, எதிர்ப்பக்க மேல் மூலையைப் பெருவிரலால தொட்டுப் பாருங்கோ, எட்டாட்டி சாம்சுங்கில ஒருகைப் பயன்முறை, ஐபோனில 2014ல இருந்து வாற மேல் பாதியைக் கீழ இறக்கிற வசதி இதுகள் இருக்கு, அதோட சமாளிப்பியளோ எண்டும் பாருங்கோ. கீபோட்டைத் திறந்து ஒரு கையால உங்கட பேரைத் தமிழில அடியுங்கோ. காட்சிக்கு வச்சிருக்கிறது வெறும் டம்மி எண்டா பாரம் உண்மையான பாரமா இருக்காது, நிஜப் போனைக் கேட்டு வாங்கிப் பாருங்கோ, தம்பிமார் முகத்தைச் சுளிச்சாலும் பரவாயில்லை.

வெளிநாட்டில இருந்து ஆரும் அனுப்பிறதெண்டா கையில புடிச்சுப் பாக்கேலாது. அதுக்கு நெற்றில மொடல் பேரைப் போட்டு, பரிமாணம் எண்ட இடத்தில இருக்கிற மூண்டு எண்ணைப் பாருங்கோ, உதாரணத்துக்கு எஸ்24க்கு 147 x 70.6 x 7.6 எண்டு இருக்கும். பெரிசு நீளம், சின்னன் தடிப்பு, நடுத்தரமானது அகலம். சில இடத்தில வரிசை மாத்திப் போட்டிருப்பினம், அதால இடத்தைப் பாக்காம எண்ணைப் பாருங்கோ. அந்த நடுத்தர எண்ணையும் பாரத்தையும் மட்டும் மச்சானுக்கு வட்ஸ்அப்பில போட்டுவிட்டாக் காணும், இன்ச்சை அவர் எப்பிடியும் சொல்லுவார்.